கருகிய புல்தரை: காத்திருக்கவா, கொத்திவிடவா?

எல்லோருக்கும் வணக்கம். 2 மாதமாக மழையே இல்லை, வீட்டு முன்னால் இருந்த அருகம்புல் தரை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிட்டது. அருகு காய்ந்ததுபோலக் கிடந்தாலும் தண்ணீர் கண்டால் துளிர்த்துவிடும் என்பதால் பிடித்து இழுத்துப் பார்த்தேன். மரத்தடியில் வேர் பிடிப்பாக இருக்கிறது, தண்டின் அடியில் பச்சையும் தெரிகிறது. சரி, அது பிழைத்துவிடும். சிமெண்ட் பாதையை ஒட்டிய பகுதிதான் கவலை, இழுத்தால் கையோடு வருகிறது. (மதியம் அந்தப் பாதையில் செருப்பில்லாமல் நிற்க முடியாது, புல் என்ன செய்யும்?)

அங்கே ஊற்றும் தண்ணீரும் உள்ளே இறங்காமல் ஓடிவிடுகிறது. மண் எவ்வளவு இறுகியிருக்கிறது என்று ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்த்தேன், 2 அங்குலம்கூட இறங்கவில்லை. தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து வேரை மேலேயே நிறுத்திவிட்டேன் போல. இனி வாரம் இருமுறை, விடிகாலையில் ஆழமாக நனைக்கப் போகிறேன்.

கேட்க வந்தது இதுதான்: கடப்பாரையால் துளை போட்டு மக்கிய தொழுவுரம் நிரப்பினால் போதுமா, மண்ணையே கொத்த வேண்டுமா? அப்புறம், நல்ல பகுதியிலிருந்து ஓடுதண்டுகளை (தரையில் படர்ந்து கணுவில் வேர்விடும் தண்டுகள்) எடுத்து இந்த வெயிலிலேயே அரை அடி இடைவெளியில் நடலாமா? பக்கத்து வீட்டுக்காரர் யூரியா போடச் சொல்கிறார். காய்ந்த புல்லுக்கு அது இன்னும் சூடு என்று தள்ளிப்போட்டிருக்கிறேன். செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.