ஒரே ரெக்கார்டிங், மூன்று இடம்: லெவல் எதற்கு எவ்வளவு?

புதுவரவு:
வானொலிப் பேட்டி, ஒலிப்புத்தகம், பாட்காஸ்ட் மூன்றும் ஃப்ரீலான்ஸாகச் செய்கிறேன். எல்லாவற்றையும் -16 லஃப்ஸில்தான் (காதுக்குக் கேட்கும் சராசரிச் சத்தத்தின் அளவு) எக்ஸ்போர்ட் செய்கிறேன். வானொலியில் "சத்தம் அதிகம்" என்கிறார்கள், ஒலிப்புத்தகத்தில் "பின்னணி இரைச்சல்" என்று திருப்பி அனுப்புகிறார்கள். பாட்காஸ்ட் மட்டும் மறுபேச்சில்லாமல் போகிறது. நல்ல மைக் வாங்கினால் சரியாகுமா?

அலைவரிசை:
மைக்கைத் தொடாதீங்க. -16 பாட்காஸ்டுக்கான அளவு. ஐரோப்பிய ஒலிபரப்பு ஒன்றியத்தின் ஆர்128 விதி -23 கேட்கிறது, ட்ரூ பீக் (சத்தத்தின் உண்மையான உச்சம்) -1-ஐத் தாண்டக்கூடாது. 7 டெசிபல் ஏறினால் கத்துவது போலத்தான் கேட்கும். எல்லா நிலையமும் இதே விதியைப் பின்பற்றுவதில்லை. வேலையை ஒப்புக்கொள்ளும்போதே அளவுகளை எழுத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்க.

ஒலிப்புத்தகக் கணக்கு வேறு. ஏசிஎக்ஸ் (ஆடிபிளின் ஒலிப்புத்தகத் தளம்) கேட்பது: ஆர்எம்எஸ், அதாவது சராசரி அளவு, -23 முதல் -18 டெசிபல் வரை, பீக் -3-க்குள், பேச்சில்லாத இடத்தில் இரைச்சல் -60-க்குக் கீழே. மாட்டிக்கொள்வது இந்தக் கடைசி அளவில்தான். குரல் -30, இரைச்சல் -62 என்று பதிவாகியிருக்கிறது என்று வைப்போம். குரலை -20-க்கு ஏற்றினால் இரைச்சலும் கூடவே ஏறி -52-இல் நிற்கும். அதையே 40 செ.மீ.க்குப் பதில் 20 செ.மீ.யில் பேசியிருந்தால் குரல் மட்டும் 6 டெசிபல் கூடும், அறை இரைச்சல் அப்படியே இருக்கும். அப்புறம் 4 ஏற்றினால் போதும், இரைச்சல் -58. மிச்சம் 2 டெசிபலை 80 ஹெர்ட்ஸ் ஹைபாஸே (அதற்குக் கீழான உறுமலை வெட்டும் வடிகட்டி) பெரும்பாலும் தின்றுவிடும். கிட்ட வந்தால் 'ப' வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேரே வைக்காமல் கொஞ்சம் சாய்த்து வைங்க.

வெட்டுக்கத்தி:
அலைவரிசை சொன்னது சரி. -60 வரவேண்டும் என்று நாய்ஸ் கேட் (பேச்சு நின்றதும் சத்தத்தை மூடிவிடும் கருவி) மட்டும் போட்டுவிடாதீங்க. சொல்லுக்குச் சொல் அறை செத்துப் பிழைப்பது போல இருக்கும், மூச்சும் பாதியில் அறுந்து போகும்.

பேட்டி முடிந்ததும் யாரும் அசையாமல், மைக்கும் கெயினும் (பதிவு அளவு) மாறாமல், 30 விநாடி வெறும் அறைச் சத்தத்தை எடுத்து வைங்க. வெட்டிய இடத்தில் ஒட்ட அதைவிட நல்ல பசை கிடையாது. வேறு நாள் எடுத்த அறைச் சத்தம் ஒட்டாது.

களப்பதிவு:
வெளியில் எடுப்பதற்கு ரெண்டு விஷயம்.

காற்றுக்கு வெறும் ஸ்பாஞ்ச் உறை போதாது, முடி உறையே வேணும். காற்று மோதி கிளிப் ஆனதை (அளவு தாண்டி உடைந்த சத்தத்தை) எந்த ப்ளகினும் மீட்காது.

ரெண்டு ரெக்கார்டர் ஓடவிட்டால் தொடக்கத்திலும் முடிவிலும் கைதட்டுங்க. ரெக்கார்டர்களின் கடிகாரம் 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) விலகினாலே ஒரு மணி நேரத்தில் 72 மில்லிசெகண்ட் தள்ளிப்போகும், குரல் இரட்டையாகக் கேட்கும். முதல் தட்டலில் பொருத்தி, கடைசித் தட்டல் வரை இழுத்தால் சரியாகிவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ் சாம்பிள் ரேட்டில் எடுத்ததை 48 கிலோஹெர்ட்ஸ் ப்ராஜெக்டில் மாற்றாமல் போட்டால் வரும் கோளாறு வேறு: குரல் கீச்சென்று ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் (செமிடோன்) ஏறிவிடும். ரெண்டையும் குழப்பிக்கொண்டு மணிக்கணக்கில் தேடுபவர்கள் உண்டு.

புதுவரவு:
ஏற்கெனவே -52-இல் இருக்கும் அத்தியாயங்களை என்ன செய்ய?

அலைவரிசை:
ஹைபாஸ் போட்டு, அதோடு பேச்சில்லாத இடத்தை 6 டெசிபல் மட்டும் இறக்கும் எக்ஸ்பாண்டரும் (கேட் போல முழுதாக மூடாது) போட்டுப் பாருங்க. அதற்கும் -60 வரலைன்னா திரும்ப வாசிக்கச் சொல்வதுதான் வேகம்.