கொச்சுபுஸ்தகத்துக்கு மலையாள இலக்கிய வரலாற்றில் இடம் உண்டா?

பாரதப்புழை: மலையாள இலக்கிய வரலாறு எதைப் புரட்டினாலும் வெண்மணி அச்சன், வெண்மணி மகன் என்ற அப்பா-பிள்ளை நம்பூதிரிக் கவிஞர்கள் இருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டில் அவர்கள் எழுதிய சிருங்காரப் பாடல்களுக்கு அத்தனை மரியாதை. ஆனால் பஸ் ஸ்டாண்டு கடைகளில் வாரப் பத்திரிகைகளுக்கு அடியில் ஒளித்து விற்ற கொச்சுபுஸ்தகம் பற்றிப் பேச்சே கிடையாது. மட்டமான தாளில், ஆசிரியர் பெயர் இல்லாமல் வந்த அந்தக் காமக் கதைகளைத் தலைமுறைகளாக வாசித்திருக்கிறார்கள். இன்று அதுவே கம்பிக்கதை என்று செல்போனுக்கு வந்துவிட்டது. நம்பூதிரி எழுதினால் சிருங்காரம், பேர் தெரியாதவன் எழுதினால் ஆபாசமா?

நாஞ்சில் மீனா: வெண்மணிக் கவிகள் சமஸ்கிருதப் பாரத்தை இறக்கி, பேசுகிற மலையாளத்தைக் கவிதைக்குள் கொண்டுவந்தவர்கள். மரியாதை அதற்குத்தான். கொச்சுபுஸ்தகம் மொழிக்கு என்ன செய்தது? கமலா தாஸின் தன்வரலாறு 'என்டெ கதா' 1973இல் புத்தகமானபோது, ஒரு பெண் தன் ஆசையைத் தானே எழுதியதற்காக எவ்வளவு வசவு வாங்கினார்! அந்தத் துணிச்சலுக்குப் பக்கத்தில் இதை வைக்க எனக்கு மனசு வரவில்லை.

பாரதப்புழை: பக்கத்தில் வைக்க வேண்டாம். ஆனால் 13ஆம் நூற்றாண்டு 'வைசிக தந்திர'த்தை என்ன செய்வீர்கள்? ஒரு தாய் தன் மகளுக்குக் கணிகைத் தொழிலின் நெளிவுசுளிவுகளைச் சொல்லிக்கொடுக்கும், மலையாளமும் சமஸ்கிருதமும் கலந்த மணிப்பிரவாளக் காவியம். அதற்கும் ஆசிரியர் பேர் தெரியாது. அதைப் போற்றிப் படிக்கிறோமே.

தறிக்காரன்: பேர் போடாததற்குச் சட்டமும் காரணம் தோழர். ஆபாச நூலை அச்சிடுவதும் விற்பதும் அன்றைய இந்தியத் தண்டனைச் சட்டம் 292ஆம் பிரிவின்படி குற்றம்; 2024 ஜூலை முதல் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 294ஆம் பிரிவு. அப்புறம், பஷீரின் 'சப்தங்கள்' நாவல் 1947இல் வந்தபோது அதையும் ஆபாசம் என்றுதான் திட்டினார்கள். அந்த முத்திரையை நம்பி எதையும் ஒதுக்கக் கூடாது. நூலகங்கள் பெரும்பாலும் சேர்க்காததால் இந்தப் புத்தகங்கள் கண்ணெதிரே அழிகின்றன. முதலில் பாதுகாக்கட்டும்.

நாஞ்சில் மீனா: சரி, பாதுகாக்கட்டும், ஆராயட்டும். ஆனால் பஷீரின் சிப்பாய் தன் தனிமையையும் வலியையும் கொட்டித் தீர்க்கிறான். நான் பார்த்த கம்பிக்கதைகளில் பக்கத்து வீட்டுச் சேச்சி "வேண்டாம்" என்கிறாள், அடுத்த வரியிலேயே அவளுக்கும் இஷ்டம்தான் என்று ஆகிவிடுகிறது. அந்த இரண்டு வரிகளுக்கு நடுவில் அவளுக்கு என்ன ஆனது என்று கேட்காத ஆய்வை நான் ஏற்க மாட்டேன். இதை மக்கள் இலக்கியம் என்று கொண்டாடுகிறவர்கள் முதலில் அதற்குப் பதில் சொல்லட்டும்.