மறு: பிளாப் என்பதற்கு ‘மூடுநிரல்’

வணக்கம் நண்பர்களே,

வன்பொருள் இயங்குவதற்காகத் தயாரிப்பாளர் மூலநிரல் (மனிதர் எழுதிய மூல வடிவம்) தராமல் கொடுக்கும் நிரல்துண்டை ஆங்கிலத்தில் ‘பிளாப்’ (blob) என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச் சொல்லாக ‘இருமத் திரள்’, ‘இருமக் கோப்பு’ இரண்டையும் எழுதிப் பார்த்தேன். இரண்டும் சரிப்படவில்லை. நிரல்பெயர்த்து (கணினி இயக்கும் வடிவுக்கு மாற்றி) வரும் எந்த மென்பொருளும் இருமம்தான் (binary), அதில் தவறேதும் இல்லை. கூடவே மூலநிரல் கிடைக்கிறதா என்பதுதான் இங்கே கேள்வி.

பழைய லினக்ஸ் கருநிரலில் (இயங்குதளத்தின் மையப் பகுதி, kernel) டிஜி3 (tg3) என்ற பிணைய அட்டை இயக்கியை, அதாவது அட்டையை இயக்க உதவும் நிரலை, திறந்து பாருங்கள். சி மொழியில் ஒழுங்காக எழுதப்பட்ட கோப்பு. நடுவே திடீரென்று வரிவரியாகப் பதினாறடிமான (hexadecimal) எண்கள் வரும். அட்டைக்குள் ஓடும் நிலைபொருள் (firmware) அது. கோப்பு என்னவோ உரைக்கோப்பு, ‘இருமக் கோப்பு’ என்று சொல்ல வழியே இல்லை. ஆனால் அந்த எண்களைப் படித்து யார் திருத்துவது? மாற்றம் செய்ய எந்த வடிவம் உகந்ததோ அதுவே மூலநிரல் என்கிறது லினக்ஸ் கருநிரலின் உரிமமான ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. அந்த அளவுகோலுக்கு முன் இந்த எண்வரிசை நிற்காது. இவற்றைத் தனியே பிரித்தெடுக்க, டெபியன் என்ற லினக்ஸ் வழங்கலை உருவாக்குபவர்கள் பட்ட பாடு கொஞ்சமல்ல.

‘மறைநிரல்’ கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தகவலைச் சங்கேதமாக மாற்றுவதற்கு (encryption) ‘மறையாக்கம்’ ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால், சங்கேதமாக்கிய நிரல் என்றுதான் படிப்பவர் எடுத்துக்கொள்வார்.

அதனால்தான் மூடுநிரல் என்கிறேன். மூடுபனி போல வினைத்தொகை. திறமூலத்துக்கு (மூலநிரலை எல்லோருக்கும் திறந்து தருவது) எதிரே வைத்தால் விளக்கமே வேண்டாம். அப்படியானால் மூலம் தராத எல்லா மென்பொருளும் மூடுநிரலா என்று கேட்கலாம். அவற்றுக்குத் ‘தனியுரிம மென்பொருள்’ இருக்கிறது. வன்பொருள் இயங்குவதற்காகத் தயாரிப்பாளர் மூலமின்றித் தரும் துண்டுக்கு மட்டும் இதை ஒதுக்குவோம்.

‘நிலைபொருள்’ போதாதா என்றால், போதாது. வரைகலை அட்டைகளுக்குச் சில்லு செய்யும் என்விடியா 2022 மே மாதம் தன் லினக்ஸ் கருநிரல் கூறுகளை எம்ஐடி, ஜிபிஎல் இரட்டை உரிமத்தில் வெளியிட்டது. மகிழ்ச்சிதான். ஆனால் வேலையில் பெரும்பங்கை வரைகலை அட்டையிலேயே உள்ள ஜிஎஸ்பி (GSP) என்ற சிறு செயலியின் நிலைபொருள் பார்க்கிறது, அதன் மூலநிரல் வரவில்லை. ‘இயக்கி திறமூலமாகிவிட்டது’ என்று மட்டும் எழுதினால் பாதி உண்மைதான். ‘மூடுநிரல் இயக்கியிலிருந்து அட்டைக்குள் இடம் மாறியது’ என்றால் நடந்தது அப்படியே புரியும்.

மூடுநிரலுக்கு வேர், வன்பொருள் எப்படி இயங்குகிறது என்று சொல்லும் விவரக்குறிப்பைத் தர மறுப்பதில் இருக்கிறது. தயாரிப்பாளர்கள் சொல்லும் காரணங்களில் சிலவற்றை ஏற்கலாம்: பிறரிடம் உரிமம் பெற்ற நுட்பம் உள்ளே இருக்கும், காப்புரிமை வழக்கு வருமென்ற அச்சம் இருக்கும். ஆனாலும் ஏஎம்டி 2007இல் தன் வரைகலைச் சில்லுகளின் ஆவணங்களை வெளியிடத் தொடங்கியது. வைஃபை அட்டைகளுக்கு அலைவரிசை விதிமுறைகளைக் காரணம் காட்டுவதுதான் எனக்கு ஒப்பவில்லை. வைஃபை சில்லு செய்யும் அதெரோஸ் 2008இல் தன் ஏத்9கே (ath9k) இயக்கியைத் திறமூலமாகவே தந்ததே!

சொற்பட்டியலுக்கு என் வரைவு: “மூடுநிரல் – வன்பொருள் இயங்கத் தேவையான, மூலநிரல் இன்றி இருமமாகவோ எண்வரிசையாகவோ மட்டும் தரப்படும் நிரல்.”

அப்புறம், இன்னொன்றுக்கும் சொல் தேவை. 2014இல் வந்த ஜிடிஎக்ஸ் 900 வரிசை அட்டைகள் முதல், என்விடியா டிஜிட்டல் கையொப்பமிட்ட நிலைபொருளை மட்டுமே அட்டையின் முக்கியப் பகுதிகள் ஏற்கின்றன. என்விடியா அட்டைகளுக்குத் திறமூல இயக்கி எழுதும் நூவோ (Nouveau) குழுவினர் சொந்தமாக ஒன்றை எழுதினாலும் அங்கே ஏறாது. இதை ‘ஒப்பமிட்ட மூடுநிரல்’ எனலாமா? இதைவிடச் சுருக்கமாக யாருக்காவது தோன்றினால் எழுதுங்கள்.