ஈயச் சொம்பும் இண்டக்‌ஷன் அடுப்பும்: அனுபவமுள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். கும்பகோணத்தில் அம்மாவும் அப்பாவும் தனியாக இருக்கிறார்கள், இருவருக்கும் எழுபதைத் தாண்டிவிட்டது. சிலிண்டர் மாற்றக் குனிய அப்பாவால் முடியவில்லை என்று தம்பி ஒரு 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பை வாங்கி, சமையலறையில் 16 ஆம்பியர் பிளக்கும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். அலுமினியக் குக்கர், பித்தளைப் பாத்திரமெல்லாம் அதில் சூடாகாது, அடியில் காந்தம் ஒட்ட வேண்டும் என்று சொன்னதுதான் தாமதம், அப்பா ஃபிரிட்ஜ் காந்தத்தை எடுத்துக்கொண்டு பரணில் இருக்கும் பாத்திரம் ஒன்றுவிடாமல் சோதித்துக்கொண்டிருக்கிறார். நல்ல வேடிக்கை.

அம்மாவுக்குத்தான் மனசே ஆறவில்லை. ரசம் ஈயச் சொம்பில்தான் வைப்பார். வெள்ளீயம் 232 டிகிரியிலேயே உருகிவிடும், அதனால் புளித்தண்ணீரை ஊற்றிவிட்டுத்தான் சிறுதீயில் ஏற்றுவார். இண்டக்‌ஷன் மேல் இரும்புத் தட்டு வைத்து அதன் மேல் சொம்பை வைக்கலாம் என்கிறார்கள், எனக்குப் பயமாக இருக்கிறது, தட்டு எவ்வளவு சூடாகும் என்று எப்படித் தெரியும்? யாராவது செய்து பார்த்திருக்கிறீர்களா? இல்லை, எவர்சில்வரில் கொதிக்கவைத்து சொம்புக்கு மாற்றினால் அதே ருசி வருமா?

அப்புறம், ஈரக்கையோடு தொட்டால் டச் பட்டன் சரியாக வேலை செய்வதில்லை, எழுத்தும் பொடிப்பொடியாக இருக்கிறது. பட்டன் மேல் தமிழில் பெரிதாக எழுதி ஒட்டலாமா, அல்லது குமிழ் திருகுகிற மாடலாக மாற்றிவிடலாமா? குமிழ் மாடல் வீட்டில் வைத்திருப்பவர்கள் எது என்று சொன்னால் தம்பியிடம் சொல்லிவிடுவேன்.