பனிக்காலத்தில் பைக் ஓட்டம்: காலுக்கு என்ன அணிகிறீர்கள்?

கந்தப்பளையிலிருந்து:

ஜெர்கின், கையுறை, ஹெல்மெட் எல்லாம் பார்த்துப் பார்த்து வாங்குகிறோம். காலுக்கு மட்டும் ஒரு ஜீன்ஸ் போதும் என்று விட்டுவிடுகிறோம். தை, மாசி விடியற்காலையில் நுவரெலியாப் பக்கம் ஓட்டுகிறவர்கள் தயவுசெய்து இதை மாற்றுங்கள். பின் பிரேக் வலது காலில், கியர் இடது காலில். கால் மரத்துவிட்டால் எவ்வளவு அழுத்தி மிதிக்கிறோம் என்பதே தெரியாது. உருளைக்கிழங்குப் பாத்திகளில் உறைபனி வெள்ளையாகப் படிந்திருந்த ஒரு காலையில், முன்னால் மரக்கறி லொறி திடீரென்று நின்றபோது நான் அதை உணர்ந்தேன். பைக் நின்றது, ஆனால் பாதம் பிரேக்கில் இருக்கிறதா என்று குனிந்து பார்த்துத்தான் உறுதி செய்துகொண்டேன்.

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து 1868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அங்கே 5 பாகைக் குளிரில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் போனால், திறந்த தோலுக்கு அது பூச்சியத்துக்கும் கீழே இறங்கிய குளிராகவே படும். எதிரி காற்றுத்தான். எவ்வளவு தடித்த துணியாக இருந்தாலும் காற்று ஊடுருவினால் பயனில்லை. ஆகவே வெளியே காற்றுப் புகாத மெல்லிய மழைக் காற்சட்டை, உள்ளே உடம்போடு ஒட்டிய தெர்மல் (சூடு காக்கும் உள்ளாடை), நடுவில் வழக்கமான காற்சட்டை. என் அனுபவத்தில் இந்த மூன்றும் சேர்ந்தால் வேறெதுவும் தேவையில்லை. தெர்மலுக்குப் பெரிய விலை கொடுக்க வேண்டாம். குளிர் உடைகள் விற்கும் நுவரெலியா பேல் பஜாரில் பொறுமையாகத் தேடினால் நல்லதே கிடைக்கும். துணியை வெளிச்சத்தில் பிடித்து, முழங்கால் தையலை இழுத்துப் பார்த்து வாங்குங்கள். கடையில் நின்றபடி அளவு பார்க்காதீர்கள், உட்கார்ந்து பாருங்கள். பைக்கில் உட்கார்ந்ததும் காற்சட்டை மேலே ஏறிக் கணுக்கால் வெளியே தெரியும். அந்த இடைவெளியால் காற்று முழங்கால் வரை ஏறும். வெளிக் காற்சட்டை இறுக்கமாகவும் வேண்டாம். துணிக்குள் கொஞ்சம் காற்று தங்கினால்தான் சூடும் தங்கும்.

தலவாக்கலையிலிருந்து:

அண்ணா, ஸ்கூட்டியில் பாடசாலைக்குப் போகிற எங்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். நான் சேலையோடுதான் போக வேண்டும். முன்பலகை காற்றை மறைக்கும் என்பார்கள். பாதத்துக்கு மறைக்கிறது, முழங்காலுக்கு இல்லை. உள்பாவாடைக்குள் கம்பளி கலந்த லெகிங்ஸ் அணிகிறேன். பருத்தியில் வாங்கியவர்கள் மழைத்தூறலில் படுகிற பாட்டைப் பார்த்திருக்கிறேன். பருத்தி நீரைக் குடித்துவிட்டு உடம்புச் சூட்டையும் இழுத்துக்கொள்ளும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும்.

எங்கள் தோட்டத்தில் பால் எடுத்துப்போகும் ஐயா ஒருவர், காற்சட்டைக்குள் முழங்காலின் முன்பக்கத்தில் பழைய பத்திரிகைத் தாள்களை மடித்து வைத்துக்கொள்வார். ஒருநாள் ஸ்வெட்டர்கூட இல்லாமல் நடுங்கி நின்ற என் மகனுக்கும் நெஞ்சில் அதேபோல் வைத்துவிட்டார். வீடு சேரும்வரை பிள்ளை குளிருகிறது என்று சொல்லவே இல்லை. கையில் பணமில்லாத மாதக் கடைசியில் இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தாள் ஈரமானால் உடனே மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

புசல்லாவையிலிருந்து:

இரண்டு பேர் சொன்னதும் சரி. மழைக் காற்சட்டை பற்றி ஒன்று சேர்க்கிறேன். நைலோன், பொலியெஸ்டர் இரண்டும் சூடான சைலன்சரில் பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும், தோலில் பட்டால் புண்ணாகும். சைலன்சர் பக்கம் இருக்கும் வலது காற்சட்டைக் காலின் அடிப்பகுதியை ஒரு ரப்பர் பட்டியால் கட்டிக்கொள்ளுங்கள். பொலித்தீன் உறையைக் காலில் சுற்றிக் கட்டுகிறவர்களையும் பார்க்கிறேன். காற்று நிற்கும், ஆனால் வியர்வை வெளியேறாமல் உள்ளேயே நனைந்து சிறிது நேரத்தில் முன்பைவிட அதிகமாகக் குளிரும்.

வாங்கும்போது பக்கவாட்டில் நீளமாக ஜிப் வைத்ததைத் தேடுங்கள். சப்பாத்தைக் கழற்றாமலே போடலாம், கழற்றலாம். நுவரெலியாவிலிருந்து ரம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்குகிறவர்களுக்கு இது மிக அவசியம். மேலே பல் கிட்டும் குளிர். ஆயிரம் மீற்றருக்கு மேல் இறங்கிக் கம்பளையை எட்டும்போது அதே காற்சட்டைக்குள் கால் வெந்துபோகும். ரம்பொடையில் தேநீர் குடிக்க நிறுத்தும்போதே கழற்றி சீற்றுக்கு அடியில் வைத்துவிடுகிறேன்.