"எப்படி வந்தது?" என்ற கேள்வி

2020-இல் நாங்கள் இருந்த அடுக்குமாடிக் குடியிருப்பில் முதலில் கொரோனா வந்தது மூன்றாம் மாடியில் இருந்த ஒரு செவிலியருக்கு. சாயங்காலத்துக்குள் அவர் பெயர், வீட்டு எண், வேலை பார்க்கும் இடம் எல்லாம் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. "இப்ப எப்படி இருக்கீங்க?" என்று கேட்டவர்கள் குறைவு. "எப்படி வந்துச்சு? எங்கெல்லாம் போனாங்க?" என்றுதான் ஆளாளுக்குக் கேட்டார்கள். லிஃப்டைத் தொடக் கூடாது என்றார்கள். கடைசியில், வேலையைத் தொடர்வதானால் வேறு வீடு பார்க்கட்டும் என்பது வரை பேச்சு போனது. கொஞ்ச நாள் முன்னால் மருத்துவப் பணியாளர்களுக்காகக் கைதட்டியவர்களும் அதில் இருந்தார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அவர்கள் எல்லாரும் கெட்டவர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். "அவங்க கவனமா இல்ல, அதான் வந்துச்சு" என்று சொல்லிவிட்டால், கவனமாக இருக்கும் நமக்கு வராது என்று ஒரு தைரியம் வந்துவிடுகிறது. அவரவருக்குத் தகுந்ததுதான் நடக்கும் என்று நம்ப விரும்பும் மனம், பாதிக்கப்பட்டவரிடமே குறை தேடும் என்பதை உளவியலாளர் மெல்வின் லெர்னர் 1960-களிலேயே ஆராய்ந்திருக்கிறார். பெருங்கொள்ளை நோய் ஐரோப்பாவை வாட்டிய 1348-இல், யூதர்கள் கிணற்றில் விஷம் கலந்ததாகச் சொல்லி அவர்களைக் கொன்றார்கள். யூதர்களும் இதே நோயில்தானே சாகிறார்கள் என்று போப் ஆறாம் கிளெமென்ட் எடுத்துச் சொல்லியும் கொலைகள் நிற்கவில்லை.

எங்கள் குடியிருப்பில் இதற்கான விலையை எல்லாருமே கொடுத்தோம். அடுத்ததாக இன்னொரு வீட்டில் காய்ச்சல் வந்தபோது அவர்கள் வெளியே சொல்லவில்லை, பரிசோதனைக்கும் உடனே போகவில்லை. பிறகு கேட்டபோது அந்த வீட்டுக்காரர், "அந்த அக்காவை என்ன பாடு படுத்துனீங்கன்னு பார்த்தோமே சார், எப்படிச் சொல்றது?" என்றார். பழிக்கு அஞ்சி மக்கள் நோயை மறைப்பார்கள், சிகிச்சைக்குத் தாமதமாக வருவார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் செஞ்சிலுவைக் கூட்டமைப்பும் 2020 பிப்ரவரியிலேயே எச்சரித்திருந்தன. அது எங்கள் படிக்கட்டிலேயே நடந்தது.

நிலைமையை மாற்றியவர் இரண்டாம் மாடியில் இருந்த ஓய்வுபெற்ற ஆசிரியை. "யாருக்கு வந்துச்சுன்னு இனிமே யாரும் போட வேண்டாம். என்ன உதவி வேணும், யார் செய்ய முடியும், அதை மட்டும் போடுங்க" என்று குழுவில் எழுதினார். ஒருவர் மட்டும் விடவில்லை. "எங்க அப்பாவுக்கு நுரையீரல் பிரச்சினை இருக்கு. அவருக்கு ஏதாவது ஆனா யார் பொறுப்பு?" என்று கேட்டார். நியாயமான பயம்தான். அந்த அம்மா அவரோடு வாதாடவில்லை. நேரே போன் செய்து, பெரியவர் எந்த நேரத்தில் வெளியே வருவார் என்று கேட்டார். அந்த நேரத்தில் மற்றவர்கள் லிஃப்டைப் பயன்படுத்துவதில்லை என்று முடிவானது. அதற்குப் பிறகு அவரும் சத்தம் போடவில்லை. மருந்து வாங்கிக் கொடுக்கும் வேலையைக்கூட ஏற்றுக்கொண்டார்.

செவிலியர் அக்கா வீட்டைக் காலி செய்யவில்லை. ஆனால் அந்தக் குழுவில் அவர் மறுபடி எதுவும் எழுதியதில்லை. அப்புறம் நான்காம் மாடியில் ஒரு வீட்டில் காய்ச்சல் வந்தபோது, அன்றைக்கே அவர்களாகவே எல்லாருக்கும் சொல்லிவிட்டார்கள்.