‘ஸ்கூல் சாய்ஸ்’: ‘பெற்றோர்வழிப் பாடசாலைத் தெரிவு’ என்னும் சொல்லுக்கான முன்மொழிவு

குழும அன்பர்களுக்கு வணக்கம்.

சமயம் சார்ந்த தொண்டு நிறுவனங்களுக்கும் பாடசாலைகளுக்கும் அரசு எவ்வழியில் நிதி வழங்கலாம் என்னும் அமெரிக்க விவாதத்தைத் தமிழில் எழுதுவதற்கு வேண்டிய சொற்கள் இவ்விழையில் ஒவ்வொன்றாக வந்துகொண்டிருக்கின்றன. பிள்ளையின் பாடசாலையைப் பெற்றோரே தெரிய, அரசின் கல்விப் பணம் அப்பாடசாலைக்குச் செல்லும் கொள்கையே ‘ஸ்கூல் சாய்ஸ்’. அதற்குப் ‘பள்ளித் தேர்வு’ என்று தமிழக அன்பர் ஒருவரும், ‘பாடசாலைத் தெரிவு’ என்று யாழ்ப்பாணத்து அன்பர் ஒருவரும், ‘பாடசாலைத் தெரிவுச் சுதந்திரம்’ என்று கனடாவிலிருந்து ஒருவரும் முன்மொழிந்துள்ளனர். மூன்றையும் ஏற்பதில் எனக்குள்ள தடையைக் கூறி, கொழும்பில் வழங்கும் நிர்வாகத் தமிழை அடியொற்றி வேறொரு சொல்லை முன்வைக்க விரும்புகிறேன்.

‘பள்ளித் தேர்வு’ என்பதைப் படிப்பவர் யாரும் பள்ளியில் நடக்கும் பரீட்சை என்றே கொள்வர். அதை இதற்குமேல் ஆராய வேண்டியதில்லை.

‘பாடசாலைத் தெரிவு’ என்பதில் உள்ள சிக்கல் அவ்வளவு வெளிப்படையானதன்று. இலங்கைத் தமிழில் ‘தெரிவு’ என்ற சொல் கல்வித்துறையில் ஏற்கெனவே ஆழமாக வேரூன்றியிருக்கிறது; ஆனால் அங்கே தெரிவு செய்வது பெற்றோர் அல்லர். முதலாம் தரத்துக்கு விண்ணப்பிக்கும் கொழும்புப் பெற்றோர் காணி உறுதியையும் வாக்காளர் இடாப்புப் பிரதியையும் மின்கட்டணப் பட்டியலையும் சுமந்துகொண்டு நேர்முகப் பரீட்சைக்குச் செல்கின்றனர். வசிப்பிடம் எவ்வளவு அண்மையில் இருக்கிறது, பெற்றோர் பழைய மாணவரா, சகோதரர் அங்கே படிக்கின்றனரா என்பனவற்றுக்குப் புள்ளியிட்டுப் பாடசாலையே பிள்ளையைத் தெரிகிறது. ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்குப் பின்னரும் வெட்டுப்புள்ளியைக் கொண்டு தெரிவு நடக்கிறது. ‘பிள்ளை தெரிவாகிவிட்டது’ என்று நாம் சொல்லும்போது பிள்ளை தெரியப்பட்ட பொருள், தெரிந்தவர் வேறொருவர். ஆகவே ‘பாடசாலைத் தெரிவுக் கொள்கை’ என்று ஒரு கட்டுரையில் எழுதினால், அது முதலாம் தர அனுமதிச் சுற்றறிக்கையைப் பற்றியது என்றே இங்குள்ள ஆசிரியர் ஒருவர் எண்ணுவார். அவ்வாறு எண்ணுவது அவருடைய தவறும் ஆகாது.

‘தெரிவுச் சுதந்திரம்’ என்பதை நான் மறுப்பதற்குக் காரணம் வரலாறு. இனப் பாகுபாடுள்ள பாடசாலை முறைமை அரசியலமைப்புக்கு முரணானது என்று 1954இல் தீர்ப்பு வந்த பின்னர், அமெரிக்கத் தென்மாநிலங்கள் சிலவற்றில் அத்தீர்ப்பைத் தவிர்க்கும் வழியாகவே ‘தெரிவுச் சுதந்திரத் திட்டம்’ என்ற பெயரில் ஏற்பாடுகள் செய்யப்பட்டன. வர்ஜீனியாவின் பிரின்ஸ் எட்வேர்ட் மாவட்டம் 1959 முதல் 1964 வரை தன் அரச பாடசாலைகளை முற்றாக மூடிவைத்தது. அதே காலத்தில் வெள்ளையர் பிள்ளைகளின் தனியார் பாடசாலைக் கட்டணத்துக்குப் பொதுப்பணம் சென்றது, கறுப்பினப் பிள்ளைகளோ பாடசாலையின்றி நின்றனர். அதே மாநிலத்தின் நியூ கென்ட் மாவட்டத்தில் நடைமுறையில் இருந்த தெரிவுச் சுதந்திரத் திட்டம் போதாது என்று 1968இல் அமெரிக்க உயர் நீதிமன்றம், அதாவது தமிழக அன்பர்கள் உச்ச நீதிமன்றம் என்று எழுதுவது, தீர்ப்பளித்தது. இந்த வரலாற்றை எழுத அந்தச் சொல் நமக்குத் தனியே வேண்டும். இன்றைய கொள்கைக்கும் அதையே சூட்டினால் இரண்டையும் பிரித்து எழுத முடியாமற் போகும். அத்துடன் ‘சுதந்திரம்’, ‘உரிமை’ என்பன கொள்கையின் ஆதரவாளர் பக்கம் சாய்ந்த சொற்கள். எதிர்ப்பவரும் தயக்கமின்றி எடுத்தாளக்கூடியதாகவே ஒரு கலைச்சொல் அமைய வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

இந்தக் கொள்கையின் உயிர்நிலை எது என்பதைக் கண்டால் சொல் தானாகவே அமையும். 1955இல் அமெரிக்கப் பொருளியலாளர் மில்டன் பிரீட்மன் முன்வைத்த கருத்தின் சாரம், அரசு கல்விக்கான பணத்தைப் பாடசாலைக்குக் கொடாமல் பெற்றோர் கையில் கொடுக்கட்டும், அவர்கள் தெரியும் பாடசாலைக்கு அது செல்லட்டும் என்பதாகும். மில்வாக்கி நகரில் 1990இல் தொடங்கிய திட்டம் இதற்கு முதல் பெரிய எடுத்துக்காட்டு. கிளீவ்லண்ட் நகரத் திட்டத்தில், 1999–2000 கல்வியாண்டில் வவுச்சர் (பாடசாலைக் கட்டணத்துக்கான அரச உதவிப் பத்திரம்) பெற்ற மாணவருள் நூற்றுக்கு 96 பேர் சமயம் சார்ந்த பாடசாலைகளிலேயே சேர்ந்திருந்தனர். அவ்வாறிருந்தும் 2002இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் 5–4 என்ற பெரும்பான்மையில் அத்திட்டத்தை ஏற்றது. பணம் சமயப் பாடசாலையை அடைந்தது பெற்றோரின் உண்மையான தனிப்பட்ட தெரிவின் வழியாகவே, அரசின் தீர்மானத்தால் அன்று, என்பதே அதற்குக் காட்டப்பட்ட நியாயம். வழக்கின் முடிவு பெரிதும் தங்கியிருந்தது யார் கை வழியாகப் பணம் போனது என்ற கேள்வியில்தான். அந்தக் கை சொல்லுக்குள்ளே தெரிய வேண்டும்.

ஆகவே எனது முன்மொழிவு ‘பெற்றோர்வழிப் பாடசாலைத் தெரிவு’. ‘வழி’ என்னும் பின்னொட்டுத் ‘தமிழ்வழிக் கல்வி’ என்பதால் எல்லா நாட்டுத் தமிழருக்கும் பழகியது. இதனால் ‘பரீட்சைவழித் தெரிவு’, ‘வசிப்பிடவழி அனுமதி’ என்று நம் நாட்டு நடைமுறைகளையும் அருகில் வைத்து ஒப்பிட்டு எழுதலாம். அதைவிட முக்கியமாக, ‘நேரடி நிதியுதவி’, ‘பெற்றோர்வழி நிதியுதவி’ என்ற இணை நமக்குக் கிடைக்கிறது.

இந்த இணை இலங்கை வரலாற்றை எழுதுவதற்கும் உடனடியாகத் தேவைப்படுவது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து 1960 வரை இங்கே நிலவிய உதவி நன்கொடை முறை, சமய அமைப்புகள் நடத்திய பாடசாலைகளுக்கு அரசு வழங்கிய நேரடி நிதியுதவி. மிஷனரிமார், பௌத்த அமைப்புகள், 1923இல் உருவான சைவ வித்தியா விருத்திச் சங்கம் போன்றவை அதனைப் பெற்றே பாடசாலைகளை நடத்தின. ஏற்கெனவே உதவி பெறும் பாடசாலையிலிருந்து குறித்த தூரத்துக்குள் புதிதாகத் தொடங்கும் பாடசாலைக்கு உதவியை மறுத்த விதிகளால், முந்தி வந்த மிஷனரிப் பாடசாலை நிலைத்தது. பிந்தி வந்த பௌத்த, சைவப் பாடசாலைகள் இடர்ப்பட்டன. தம் சமயப் பாடசாலையைப் பெற்றோர் விரும்பினாலும் பணம் அவர்கள் விருப்பத்தைத் தொடரவில்லை. 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டமும் 1961ஆம் ஆண்டின் 8ஆம் இலக்கச் சட்டமும் அப்பாடசாலைகளில் மிகப் பெரும்பாலானவற்றை அரசின்கீழ்க் கொண்டுவந்தன. கட்டணம் அறவிடாத தனியார் பாடசாலைகளாகத் தொடர விரும்பிய சிலவே விலகி நின்றன. கொழும்பின் கத்தோலிக்கக் கல்லூரிகள் சில அவற்றுள் அடங்கும். இன்று ‘அரச உதவி பெறும் தனியார் பாடசாலை’ என்று நாம் சொல்வது ஆசிரியர் சம்பளத்தை அரசு வழங்கும் பாடசாலையை. வவுச்சர் ஏற்கும் அமெரிக்கப் பாடசாலையை அப்பெயரால் குறித்தால் நீதிமன்றம் பிரித்துக் காட்டிய இரண்டையும் நாம் ஒன்றாக்கிவிடுவோம்.

‘வவுச்சர்’ என்பதற்குக் ‘கல்விச் சீட்டு’ என்று ஒருவர் எழுதியிருந்தார். சீட்டு என்றால் கொழும்பில் மாதந்தோறும் கட்டும் சீட்டுத்தான் நினைவுக்கு வரும். சீருடைத் துணிக்குப் பதிலாக அரசு வவுச்சர் வழங்கிய காலத்திலிருந்து எல்லாப் பெற்றோரும் ‘சீருடை வவுச்சர்’ என்று சொல்லிப் பழகிவிட்டனர். அதன்பின் ‘காலணி வவுச்சர்’ வந்தது. மக்கள் வாயில் நிலைத்த சொல்லை விலக்குவதற்குக் காரணமில்லை. ‘கல்விக்கட்டண வவுச்சர்’ என்றால் சீருடையிலிருந்தும் காலணியிலிருந்தும் அது பிரிந்து நிற்கும்.

இனி, சமயத்தின் அடிப்படையில் இயங்கும் நிறுவனங்களைக் குறிக்கும் ‘பெய்த் பேஸ்ட்’ என்பதற்கு வருகிறேன். ‘நம்பிக்கை அடிப்படையிலான தொண்டு நிறுவனம்’ என்பதை இலங்கையில் எழுதவே கூடாது. நம் சட்டத் தமிழில் ‘நம்பிக்கைப் பொறுப்பு’ என்பது ஒருவர் சொத்தை மற்றொருவர் நன்மைக்காக வைத்திருக்கும் ஏற்பாடு. தொண்டு நிறுவனங்கள் பலவும் அந்த வடிவத்திலேயே இயங்குவதால் குழப்பம் உறுதி. ‘மதச்சார்புள்ள’ என்பது ‘மதச்சார்பற்ற’ என்பதன் எதிர்ச்சொல்லாகி, ஒருபக்கச் சார்பு என்ற பழியை ஏற்றிவிடும். ‘சமயம் சார்ந்த தொண்டு நிறுவனம்’ என்பதே பொருந்தும். ‘அரச சார்பற்ற நிறுவனம்’ பழகிய காதுக்கு இது அந்நியமாக ஒலிக்காது. மார்க்கம் என்ற சொல்லை விரும்பும் முஸ்லிம் அன்பர்களும் இதனை ஏற்பர் என எண்ணுகிறேன். முஸ்லிம் சமய பண்பாட்டலுவல்கள் திணைக்களத்தின் பெயரிலேயே சமயம் இருக்கிறது.

1996ஆம் ஆண்டின் அமெரிக்க நலன்புரிச் சீர்திருத்தச் சட்டத்தில் இடம்பெற்ற ‘சாரிட்டபிள் சாய்ஸ்’ பகுதியைத் ‘தொண்டுத் தெரிவு’ என்பது பொருளைக் காட்டாது. சமயம் சார்ந்த நிறுவனம் தன் சமய இயல்பைக் களையாமலே ஏனைய நிறுவனங்களுக்குச் சமமாக அரச நிதிக்குப் போட்டியிடலாம் என்பதும், பயனாளி அதனை விரும்பாவிடில் வேறு நிறுவனத்தைக் கேட்கலாம் என்பதும் அதன் உள்ளடக்கம். ‘சமதகுதி ஏற்பாடு’ என்று சொல்லலாம். 2001 ஜனவரியில் ஜோர்ஜ் டபிள்யூ. புஷ் வெள்ளை மாளிகையில் இதற்கென அலுவலகம் ஒன்றை நிறுவியதும் இக்கருத்தின் விரிவே. இங்கே பணம் பெரும்பாலும் நேரடியாக நிறுவனத்துக்குச் செல்வதால், பெற்றோர்வழித் தெரிவுடன் இதனைக் கலக்கக் கூடாது. விவாதத்தில் இரண்டும் ஒரே மூச்சில் பேசப்படுவதனாலேயே தனித்தனிச் சொற்கள் அவசரமாகின்றன.

பெற்றோர் எழுத்தில் கேட்டால் மாணவரைச் சமய நடவடிக்கையிலிருந்து விடுவிக்க வேண்டும் என்னும் மில்வாக்கித் திட்ட நிபந்தனைக்குப் புதுச்சொல் தேடவேண்டியதில்லை. உதவி நன்கொடைக் காலத்து ‘மனச்சாட்சி வாசகம்’ அதே காரியத்தைச் செய்தது.

சொல்லை வாக்கியத்தில் வைத்துப் பார்க்கிறேன்: “மேய்ன் மாநிலத்தின் பெற்றோர்வழி நிதியுதவியிலிருந்து சமயம் சார்ந்த பாடசாலைகளை மட்டும் விலக்குவது செல்லாது என 2022இல் அமெரிக்க உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது.” தங்குதடையின்றி ஓடுகிறது. “மிசூரியில் தேவாலயம் ஒன்றின் பாலர் நிலைய விளையாட்டிடத்துக்கு நேரடி நிதியுதவியை மறுத்தது தவறென 2017இல் தீர்ப்பானது” என்பதும் தெளிவாகவே இருக்கிறது. நேரடி நிதியுதவியிலும் எல்லைக்கோடு நகர்கிறது என்பதை வாசகர் அச்சொற்களாலேயே கண்டுகொள்வார்.

‘பெற்றோர்வழி’ என்பது பெற்றோரில்லாப் பிள்ளையின் பாதுகாவலரை உள்ளடக்குமா என்ற ஐயத்தை மட்டும் என்னால் தீர்க்க முடியவில்லை. ‘குடும்பவழி’ என்று மாற்றலாமா என்பதற்கு அன்பர்களின் கருத்தை வேண்டுகிறேன்.